மேலிருந்து பார்த்த படம்

ராயபுரம்,
11 பிப்ரவரி 2024

அன்பு மகள் ஜானட்டுக்கு நைனா எழுதுவது.

மாதாவின் தயவில் நானும் அம்மாவும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. நீயும் மாப்பிள்ளை டெரிக்கும் அந்தக் கனடா குளிரில் எப்படி இருக்கிறீர்கள் என்று எழுது.

இன்று பூசை முடிந்து வெளியே வரும்போது அம்மா ஒரு விஷயம் சொன்னாள். பல் டாக்டர் படிப்புக்கு நீ நவம்பரில் எழுதிய நுழைவுத் தேர்வில் மதிப்பெண் போதவில்லையாம், மறுபடி எழுதப்போகிறாயாம். அம்மாவுக்கு இது கிறிஸ்துமஸுக்கு முன்பே தெரியுமாம். எனக்கு இன்றைக்குத் தெரிகிறது, அதுவும் கோயில் வாசலில், ஊரார் முன்னால். "இன்னாத்துக்கு எங்கைல மறச்சீங்க?" என்று கேட்டேன். "உன் காதுல சொல்றதுக்குள்ள ராயபுரம் பூரா தெரிஞ்சிரும்யா" என்கிறாள் சிலுவையம்மாள்.

காது போனது என் குற்றமா? வாலிபம் முழுவதும் கப்பல் ரிப்பேர் பட்டறையில் இரும்புத் தகட்டின் மேல் சுத்தியல் விழுகிற இடத்தில் நின்றவன் நான். நீ போனில் பேசினால் எனக்கு ஈ பறக்கிற சத்தம்தான். கண்ணாடியை விரலால் தேய்த்துச் செய்தி அனுப்புவதும் எனக்கு ஒத்துவராது. எனக்குச் சொல்ல வேண்டியதைக் கடிதத்தில் சொல்.

அந்தத் தேர்வில் அப்படி என்ன கேட்கிறார்கள்? எந்தப் பகுதியில் போயிற்று?

இப்படிக்கு,
கஸ்பார்


ஸ்கார்பரோ,
9 மார்ச் 2024

பாசமுள்ள நைனாவுக்கு ஜானட்டின் முத்தங்கள்.

நாங்கள் இருவரும் நலம். வாசலில் இன்னும் பனி கிடக்கிறது. அம்மாவை முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டு மாடிப்படி ஏறாமல் இருக்கச் சொல்லுங்கள்.

மறைக்க வேண்டும் என்று மறைக்கவில்லை, நைனா. கடிதம் எழுத உட்காரும்போதெல்லாம் தூக்கம் வந்துவிட்டது. பகலில் பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் வேலை, ராத்திரி படிப்பு.

தேர்வில் உயிரியல், வேதியியல் எல்லாம் உண்டு. அவற்றோடு, பொருள்களைக் கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்கிற பகுதி ஒன்று இருக்கிறது. பல் டாக்டர் வாய்க்குள் ஒரு சின்னக் கண்ணாடியை விட்டு, அதில் தெரிவதைப் பார்த்துத்தானே வேலை செய்கிறார், அதற்காக. ஒரு காகிதத்தை நாலாக மடித்துத் துளை போடுகிறார்கள். பிரித்தால் துளைகள் எங்கெங்கே இருக்கும்? கட்டைகளை அடுக்கிச் சாயம் பூசுகிறார்கள். எத்தனை கட்டைக்கு மூன்று பக்கம் சாயம்? ஒரு பொருளை மேலிருந்தும் முன்னாலிருந்தும் பார்த்த படங்களைக் கொடுத்து, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி இருக்கும் என்கிறார்கள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம்கூடக் கிடையாது.

எந்தப் பகுதியில் போயிற்று என்று கேட்டிருந்தீர்கள். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்.

செப்டம்பர் ஏழாம் தேதி மறுபடி எழுதுகிறேன். டெரிக்கும் நானும் பேசி முடிவு செய்துவிட்டோம். இந்தத் தடவையும் மதிப்பெண் வராவிட்டால் இந்த ஆசையை விட்டுவிடுவேன். கடைசி வரை உதவியாளராகவே இருந்துவிடுவது. எனக்காக வேண்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அதனால் பயிற்சிப் புத்தகத்தில் சில பக்கங்களை விடையோடு பிரதி எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். பொழுதுபோக்காகப் பாருங்கள், போதும்.

உங்கள் மகள்,
ஜானட்


ராயபுரம்,
14 ஏப்ரல் 2024

ஜானட்டுக்கு நைனா.

இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. மற்றபடி சுகம். உங்கள் சுகத்துக்குக் குறைவிருக்காது என்று நம்புகிறேன்.

பக்கங்கள் வந்தன. பொழுதுபோக்காகப் பார்க்க எனக்குப் பழக்கமில்லை. எல்லாவற்றையும் போட்டேன். மடித்த காகிதம், சாயம் பூசிய கட்டை இதெல்லாம் சின்னப் பிள்ளை விளையாட்டு. ஒன்றிரண்டு தப்பியது. அது என் கண்ணாடிக் கோளாறு.

ஆனால் மேல், முன், பக்கம் என்று மூன்று படங்கள் வரும் கேள்விகளில் உன் புத்தகம் சுத்தத் தவறு. ஒன்று இரண்டு இல்லை, எல்லாமே. துளை இடது பக்கம் திறந்திருக்கிறது என்று நான் போட்டால், வலது பக்கம் என்று விடையில் இருக்கிறது. துருத்தி நிற்கும் முளை அடியில் இருக்கிறது என்று நான் போட்டால், தலைமேல் இருக்கிறது என்கிறான். இந்த மாதிரிப் படங்களைப் பார்த்துத்தான் நான் கப்பல் தகட்டில் கோடு போட்டேன். என் கோட்டின் மேல்தான் வெட்டினார்கள். ஒரு தகடு பொருந்தாமல் திரும்பி வந்ததில்லை. எட்டாம் வகுப்போடு நின்றவன், யாரும் கற்றுத்தராமல், குப்பையில் போட்ட படங்களை வைத்துக் கற்றுக்கொண்டவன். டிப்ளமா இல்லை என்று ஃபோர்மேன் வேலையை நேற்று வந்த பையனுக்குக் கொடுத்தார்கள். அவனும் சந்தேகம் என்றால் என்னிடம்தான் வந்து நின்றான்.

நீ ஏன் தோற்றாய் என்று இப்போது புரிகிறது. தவறான புத்தகத்தைப் படித்திருக்கிறாய். உடனே புத்தகம் போட்ட கம்பெனிக்கு எழுது.

கஸ்பார்


ராயபுரம்,
26 மே 2024

ஜானட்டுக்கு.

சுகம். சுகத்துக்கு எழுது.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, உன்னிடமிருந்து வரி இல்லை. அம்மாவோடு ஞாயிறுதோறும் போனில் சிரிக்கிறாய், அதை எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். "இன்னா சொன்னா?" என்று கேட்டால், "நல்லாகீறாளாம்" என்பாள். அரை மணி நேரம் பேசியதற்கு அவ்வளவுதான் எனக்கு வரும் பங்கு.

நீ கம்பெனிக்கு எழுதமாட்டாய் என்று தெரிந்துவிட்டது. நானே அகராதியை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதிப் போட்டுவிட்டேன். அவர்கள் திருத்தும் வரை நீ சும்மா இருக்க வேண்டாம். அதே கேள்விகளை ஆறு தாளில் பெரிதாக, சரியான முறையில் வரைந்து இத்துடன் அனுப்புகிறேன். நீ படிக்கிற மேசைக்கு எதிரே சுவரில் மாட்டு. தினமும் கண்ணில் படட்டும்.

தண்டையார்பேட்டையில் அட்டைக் குழல் வாங்கி, தாள் மடங்காமல் சுருட்டி அனுப்பியிருக்கிறேன். மடித்துவிடாதே.

கஸ்பார்


ஸ்கார்பரோ,
22 ஜூன் 2024

பாசமுள்ள நைனாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. இங்கே இப்போது ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் புதிதாக ஒரு டாக்டர் அம்மா வந்திருக்கிறார், பெயர் நர்மதா, நம் எண்ணூர்தான். என் பேச்சைக் கேட்டதும், "நம்ம ஏரியாவா நீ?" என்று சிரித்தார். ஊரை விட்டு வந்து முதல் தடவையாக வாய்விட்டுப் பேசினேன்.

டெரிக்குக்கு இயந்திரப் பட்டறையில் இரவு வேலை பகலுக்கு மாறிவிட்டது. நானும் நேரத்துக்குச் சாப்பிடுகிறேன்.

உங்கள் படங்கள் வந்தன. ஒரு மடிப்பு இல்லை. கோடுகள் அச்சடித்த மாதிரி இருக்கின்றன என்று டெரிக் சொன்னார். பத்திரமாக வைத்திருக்கிறோம்.

அம்மாவை எக்ஸ்ரே எடுக்க அழைத்துப் போங்கள்.

அன்பு மகள்,
ஜானட்


ராயபுரம்,
21 ஜூலை 2024

ஜானட்டுக்கு நைனா எழுதுவது.

அம்மாவுக்கு எக்ஸ்ரே எடுத்தாயிற்று. தேய்மானம் என்கிறார்கள். எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுக்குத்தான்.

பத்திரமாக வைத்திருக்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். மாட்டினேன் என்று எழுதவில்லை. நான் வரிகளைப் படிக்கிறவன், ஜானட். அதில் இல்லாததும் எனக்குத் தெரியும்.

உனக்கு நம்பிக்கை வருவதற்காக, புத்தகப் பக்கங்களை எடுத்துக்கொண்டு அத்தாவுல்லாவைப் பார்க்கப் போனேன். பட்டறையில் எனக்குப் படம் போட்டுக் கொடுத்தவனே அவன்தான், உனக்கு நினைவிருக்கும். டீக்கடையில் உட்கார்ந்து பார்த்தான். பார்த்துவிட்டுச் சிரிக்கிறான்.

"டேய் கஸ்பாரு, புக்கு கரீக்டாதான்டா கீது. இது அவனுங்க மொற. நம்மது நெயலு மாதிரி. மேலேந்து லைட் அட்ச்சா நெயலு கீய வுயுதுல்ல? அதான் மேலேந்து பாக்கறத நாம கீய போடுவோம். வலது பக்கத்துலேந்து பாக்கறத எடது பக்கம் போடுவோம். அவனுங்களது கண்ணாடிப் பொட்டி மாதிரி. மேல பாத்தத மேல கீற கண்ணாடிலயே வரஞ்சிருவான். வலதுல பாத்தது வலதுலயே நிக்கும்."

"அப்ப முப்பது வருசமா நாம போட்டது தப்பா?"

"தப்புன்னு எவன் சொன்னான்? அது இந்த ஊரு, இது அந்த ஊரு. பாப்பா கைல போய் இத்த சொல்லி கொயப்பிடாத. படிக்கிற புள்ள."

ஒரு பொருளை இரண்டு விதமாகப் பார்க்கலாமாம். அப்படியென்றால் சரி, தவறு என்று எதற்கு இருக்கிறது? வயதானால் சிலருக்குப் புத்தி இப்படித்தான் போகும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். இனி அவன் முகத்தில் விழிப்பதில்லை.

கம்பெனிக்காரனும் பதில் போடவில்லை. பதில் இல்லாதவன் எப்படிப் போடுவான்? நீ படங்களை மாட்டு. மாட்டிவிட்டு எனக்கு எழுது.

தே. கஸ்பார்


ஸ்கார்பரோ,
8 ஆகஸ்ட் 2024

நைனாவுக்கு,

நலம். அம்மாவின் மருந்துக்கு டெரிக் ஏற்பாடு செய்திருக்கிறார்.

மாட்டிவிட்டேன், நைனா. ஆறையும் மேசைக்கு எதிரே மாட்டியிருக்கிறேன். தினமும் பார்க்கிறேன்.

அத்தாவுல்லா மாமாவோடு சண்டை வேண்டாம். எனக்காக.

ஜானட்


ராயபுரம்,
25 ஆகஸ்ட் 2024

ஜானட்டுக்கு.

இந்தக் கடிதம் உன் தேர்வுக்கு முன் வந்து சேராது. இருந்தாலும் நடந்ததை எழுதிவைக்கிறேன், பின்னால் வேறு யாராவது வேறு மாதிரி சொல்லக்கூடாது.

உன் கடிதம் நேற்று வந்தது. அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். "பாத்தியா, மாட்டிட்டா" என்றேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே போட்டாள். வலது காதுப் பக்கம் வந்து நின்று கத்தினாள். தெருவில் பிலோமி வீட்டுக் கதவு திறந்தது, எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"அவ மொத தபா தோத்ததே அந்தப் படத்துலதான்யா! மத்த எல்லாத்துலயும் பாஸு! சின்னதுலேந்து நீ தரைல சாக்பீஸ்ல வரையறதப் பக்கத்துல குந்திகினு பாத்த பொண்ணு. அந்த ஊரு மொறையும் படிச்சிட்டுத்தான் போனா. அவசரத்துல கண்ணு உன் வழிக்கே போயிட்ச்சாம். மொத போன்லயே சொல்லி அயுதா. நைனா கைல மட்டும் சொல்லாத, அது மனசு நோவும்னா. நீ இன்னா பண்ணிகினுகீற? திரும்ப அத்தயே கண்ணு முன்னால மாட்டச் சொல்ற! மாட்டிட்டாளாம்! சந்தோசமா ஒனக்கு?"

சிலுவையம்மாள் அழவில்லை. மீனைத்தான் வெகுநேரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

பிறகு போனைப் போடச் சொன்னேன். "உனுக்குத்தான் கேக்காதே" என்றாள். "எனுக்குக் கேக்க வோணாம். அவளுக்குக் கேட்டாப் போதும்" என்றேன். உனக்குக் கேட்டிருக்கும். நீ என்ன பதில் சொன்னாய் என்று எனக்குத் தெரியாது. அம்மாவையும் சொல்லக்கூடாது என்று சொல்லிவிட்டேன்.

நம் முறை தவறு என்று நான் சொல்லவில்லை, அதையும் குறித்துக்கொள். உன் தேர்வு முடிந்து முடிவு வரும் வரை இங்கிருந்து கடிதம் வராது. ஒரு கோடுகூட வராது.

மாதா துணை.

கஸ்பார்


ஸ்கார்பரோ,
19 அக்டோபர் 2024

என் பாசமுள்ள நைனாவுக்கு,

நீங்களும் அம்மாவும் எப்படி இருக்கிறீர்கள்? அம்மா போனில் சொல்வதை நம்புவதற்கில்லை. நல்லாகீறோம் என்பதற்கு மேல் அவர் சொல்வதில்லை. உங்கள் பங்கைப் பற்றி நீங்கள் எழுதியது இப்போது எனக்குப் புரிகிறது.

முடிவு வந்துவிட்டது. எல்லாப் பகுதியிலும் மதிப்பெண் போதும். படங்கள் வருகிற பகுதியில்தான் மற்றதைவிட அதிகம். விண்ணப்பங்களை அனுப்பிவிட்டேன். இடம் கொடுப்பதும் கொடுக்காததும் இனிக் கல்லூரிகள் கையில். ஆனால் ஆசையை விடவேண்டிய அவசியம் இல்லை. அம்மா சொல்லியிருப்பார். என் கையால் உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எழுதுகிறேன்.

அன்றைக்குப் போனில் நீங்கள் பேசியது முழுவதும் எனக்கு மனப்பாடம். "ஜானட்டு, நான் நைனா பேசறேன். கயட்டு. அந்தப் படத்த சொவுத்துலேந்து கயட்டு. இப்பவே கயட்டு. அந்த ஊர்ல அந்த ஊரு மொறைலயே பாரு. நான் வரஞ்சத மறந்துரு." மூன்று தடவை அதையே சொன்னீர்கள். எனக்குக் கேட்டதா என்று தெரியாமல் நான்காவது தடவையும் ஆரம்பித்தீர்கள். இடையில் நான் கத்திக்கொண்டே இருந்தேன். அப்புறம் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டீர்கள்.

நான் கத்தியது இதுதான். "நைனா, நான் மாட்டவே இல்ல. சும்மா சொன்னேன். குயலுலேந்து ஒரே ஒரு தபாதான் எடுத்தேன், திரும்ப உள்ள வச்சிட்டேன். பாத்தா திரும்பக் கண்ணு அங்கயே போயிரும்னு பயம். நீ கோவிச்சிக்காத நைனா." அதை உங்களிடம் யாரும் சொல்லவில்லை என்று அம்மா சொன்னார். பொய் எழுதியது நான். நீங்கள் கத்திக் கத்தித் தொண்டை நோகச் செய்ததும் நான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். போன வாரம் டெரிக் பட்டறைக்கு நம் நாட்டிலிருந்து நம் முறையில் போட்ட ஒரு படம் வந்தது, ஏதோ ஒரு மூடி. அங்கே யாருக்கும் அது பிடிபடவில்லை என்று வீட்டுக்குக் கொண்டுவந்தார். "ஒனக்குத்தான் இது தண்ணி பட்ட பாடாச்சே" என்று என்னிடம் நீட்டினார். வாங்கிப் பார்த்தேன். மேல் எது, அடி எது, எல்லாம் மாறித் தெரிந்தது. கையில் ஒரு டப்பாவை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வரவில்லை. தெரியாத மொழியைப் படிக்கிற மாதிரி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தேன். ஆறு மாதம் விடாமல் அந்தப் பழக்கத்தை அழித்திருக்கிறேன், நைனா. நன்றாகவே அழிந்துவிட்டது.

அதற்காக நான் அழுதேன் என்று டெரிக் அம்மாவிடம் சொல்லியிருந்தால் நம்ப வேண்டாம்.

உங்கள் மகள்,
ஜானட்


ராயபுரம்,
17 நவம்பர் 2024

அன்பு மகள் ஜானட்டுக்கு நைனா எழுதுவது.

மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தோம். அம்மா பிடிவாதமாகப் படியேறி வந்தாள், வந்து இரண்டு நாள் படுத்தாள். இப்போது சுகம். நீங்கள் இருவரும் சுகமாக இருங்கள்.

மழை பிடித்துக்கொண்டது. சடையங்குப்பத்தில் வீடுகளுக்குள் தண்ணீர் போய்விட்டது என்கிறார்கள். நம் தெருவில் இன்னும் வாசல்படிக்கு வரவில்லை. வருவதற்குள் வாசல் நிலையில் ஒரு தகடு செருகிவிடலாம் என்று இருக்கிறேன். வேண்டும்போது செருகலாம், வேண்டாதபோது தூக்கி வைத்துவிடலாம். அம்மா குனியாமல் தூக்குகிற மாதிரி ஒரு பக்கத்தில் கைப்பிடி. பிலோமியின் வீட்டுக்காரன் ரஞ்சித் தன் பட்டறையில் வெட்டித் தருகிறான்.

அவனுக்குக் கொடுக்க நம் முறையில் ஒரு படம் வரைந்தேன். அதை மடித்து அவன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மடிக்காதே என்றேன், கேட்கவில்லை.

உனக்கு அனுப்புவது வேறு படம். அதே தகடுதான். மேலிருந்து பார்ப்பதை மேலே போட்டிருக்கிறேன். வலது பக்கத்திலிருந்து பார்ப்பதை வலது பக்கமே போட்டிருக்கிறேன். நான்கு நாள் பிடித்தது. கை தன்னால் கீழே இறங்கிவிடுகிறது, திரும்ப அழிக்க வேண்டியிருந்தது. சரிபார்க்க அத்தாவுல்லாவிடம் எடுத்துப் போனேன். "இன்னாடா கஸ்பாரு, மேல போட்டுகீற" என்று கடையே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தான். சிரிக்கட்டும். டீக்குக் காசும் அவனையே கொடுக்கச் சொன்னேன்.

இதனால் இந்த முறைதான் சரி என்று நான் ஒப்புக்கொண்டதாக நினைக்காதே. நீ படிக்க வேண்டும் என்று வரைந்தேன், அவ்வளவுதான்.

கைப்பிடி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து எழுது. டப்பா எதையும் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்காமல் எழுது. அதைத் தவிர வேறொன்றும் எழுத வேண்டாம்.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்.

கஸ்பார்